நாலு செகண்டு அழுகை

ஹுமாயூன் ஒரு ட்ரெய்லரை ‘முதல் தடவை’ பார்ப்பதற்கு முன்னால் மூன்று தடவையாவது பார்த்துவிடுவான். எங்கே வாயைப் பிளப்பது, எங்கே நாற்காலியிலிருந்து துள்ளுவது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் இராஜபாளையத்து வீட்டு மாடியில் கேமராவை ஆன் பண்ணி, “மக்களே, நானும் இன்னும் பாக்கல, வாங்க சேர்ந்தே பாப்போம்” என்பான். அவனுடைய யூடியூப் சேனலுக்கு ஒன்பதாயிரம் சந்தாதாரர்கள். பகலில் செட்டியார்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. இந்தச் சின்னப் புளுகால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த ட்ரெய்லரில் ஒரு கோர்ட்டு வாசல். கூட்டத்தில் ஒரு அம்மா அழுகிறாள், நாலே செகண்டு. கண்ணீரைக் கையால் துடைக்காமல், தோளைத் தூக்கி மேல்கையில் முகத்தை இழுத்துத் துடைத்தாள். ஹுமாயூன் அந்த இடத்தில் நிறுத்தி, தானும் தோளைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். “ஏன், அந்தம்மாவுக்குக் கை இல்லையா? மாடு ஈ விரட்டுத மாதிரி இருக்கு. இவியள எங்க புடிச்சாவளோ!” ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சேனலில் அதற்கு முன் எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை.

அந்த அம்மா, அவனோடு வேலை பார்க்கும் பரிபூரணம் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷூட்டிங் நடந்தபோது கூட்டத்தில் நிற்கப் போனவளை டைரக்டர் முன்னால் கூப்பிட்டு அழச் சொல்லியிருக்கிறார். பேண்டேஜ் துணி மடிக்கிற கை முகத்தில் படக்கூடாது. பட்டால் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வர வேண்டும். அதனால் கம்பெனியில் வேர்வையானாலும் கண்ணீரானாலும் எல்லோருக்கும் தோள்தான். பதினெட்டு வருஷப் பழக்கம் கேமரா முன்னால் மட்டும் மாறிவிடுமா? ஹுமாயூனும் அப்படித்தான் துடைப்பான். இரண்டாவது தடவை பார்க்கும்போதே அவனுக்கு அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கேலி பண்ணினான். சிரிப்பு வருகிற இடத்தை விட்டுவிட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவு போட்டான். செவ்வாய்க்கிழமை போகாமல் இருக்க முடியவில்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. “வயித்துவலி தேவலையா தம்பி? நான் ட்ரெய்லர்ல வந்ததுக்கு நேத்து எல்லாருக்கும் பால்கோவா குடுத்தேன். ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன்” என்று டிபன் பாக்ஸைக் காட்டினாள்.

“அக்கா, அந்த வீடியோ...”

“பாத்தேன். மொத தடவ பாக்கையில பேசுனதுதான? நாலு செகண்டுல என் மூஞ்சி எங்குட்டுத் தெரியப்போவுது? நான் ஒண்ணும் நெனைக்கல.” துணியை மடித்தபடியே குரலைத் தாழ்த்தினாள். “வெள்ளிக்கிழம இன்னொரு படத்துக்குக் கூப்புட்டுருக்காவ. நீதான் அம்புட்டுப் படம் பாக்குற. மத்தவியல்லாம் எப்படித் தொடைப்பாவ, சொல்லிக் குடேன். இந்தத் தடவ சரியாப் பண்ணிருதேன்.”

அவள் திட்டியிருந்தால்கூட ஹுமாயூன் வாங்கிக்கொண்டு போயிருப்பான். தினமும் சொல்கிற பொய் இன்றைக்கு அவனை எவ்வளவு சுளுவாகக் காப்பாற்றிவிட்டது என்று நினைக்க அவமானமாக இருந்தது. தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துபோகும். ஆனால் அக்கா விரல் நுனியால் கண்ணோரத்தைத் தொட்டு, “இப்படியா?” என்று கேட்டுவிட்டு, கை கழுவ எழுந்துபோனாள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம் அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை.

“அது மொத தடவ இல்லக்கா. மூணு தடவ பாத்துட்டுத்தான் பேசுனேன். நீங்கன்னு தெரியும். ஏன் அப்படித் தொடைச்சீகன்னும் தெரியும்.”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. நாலைந்து துணி மடித்த பிறகு, “தெரிஞ்சேவா தம்பி?” என்றாள்.

“ஆமாக்கா.”

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. கை துணியில் இருந்தது. பழக்கத்தில் தோளைத் தூக்கியவள், அவன் பார்ப்பதைக் கவனித்துப் பாதியிலேயே இறக்கிவிட்டாள். துணியில் சொட்டிவிடாமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.