ரோசியின் காதில் விழுந்த சடை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருந்த பரசுராமனுக்குச் சாமி பயம் ஜாஸ்தி. அதில் தப்பில்லை. மலையைச் சுற்றி வருகிறவர்களை வைத்துப் பிழைப்பவனுக்கு மலைமேல் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்தை ஒரு வாயில்லா ஜீவனின் காதில் கொண்டுபோய்த் தொங்கவிட்டால், பார்க்கிற பெண்டாட்டிக்கு வயிறு எரியுமா எரியாதா? மதிவதனிக்கு எரிந்தது.

ரோசி அவர்கள் வாங்கி வளர்த்த நாய் இல்லை. பக்கத்தில் பங்களா கட்டியிருந்த சென்னைக்காரர் பங்களாவை விற்றார், நாயை விட்டுவிட்டுப் போனார். பெரிய மனுஷர்கள் அப்படித்தான். தோளுக்குத் தொங்கும் நீளக் காதும், காதெல்லாம் பட்டு மாதிரி முடியும் கொண்ட நாய் அது. பங்களாவில் தினமும் சீவிவிட ஆள் இருந்தது. டீக்கடைக்கு வந்த பிறகு அது புதரில் புகுந்தது, குட்டையில் புரண்டது, பால் சட்டிக்குள் காதை விட்டுக்கொண்டே குடித்தது. காதுக்குப் பின்னால் முடி சிக்கு விழுந்து, சிக்கு முடிச்சாகி, மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் கணக்காகத் திரண்டுவிட்டது.

மதிவதனி கத்தரிக்கோலை எடுத்த அன்றே பரசுராமன் கையைப் பிடித்துவிட்டான்.

"இன்னா பண்ற? சடைடி அது. சடைல கத்தி வைக்கலாமா? அதுவும் பைரவர் வாகனம். இந்த மலையடிக்கு வந்து அதுக்குச் சடை விழுதுன்னா சும்மாவா?"

"சீவாம உட்டா எனக்குந்தான் விழும்."

"உளறாத. குடும்பத்துக்கு ஆகாது."

மனிதர் தலையில் சடை விழுந்தால் சாமி உத்தரவு இல்லாமல் வெட்டக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதை நாயின் காதுவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தவன் பரசுராமன் ஒருவன்தான். ஆனால் பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் ஒருவராவது 'ஏம்பா இது' என்று கேட்டிருக்க வேண்டுமே. கேட்கவில்லை. ஒரு அம்மாள் சடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி மஞ்சள் தடவினாள். அடுத்த பௌர்ணமிக்குப் பன்னீர் சொம்போடு வந்தார்கள். பரசுராமன் கடை வாசலில் சாக்கு விரித்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு ரோசியைக் கட்டி வைத்தான். கும்பிட்டவர்கள் அப்படியே உட்கார்ந்து டீயும் குடித்தார்கள். பக்தி எது, வியாபாரம் எது என்று அவனுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று மதிவதனி நினைத்தாள்.

யார் கை காதில் பட்டாலும் ரோசி முனகியது. அருள் வாக்கு சொல்கிறது என்றார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே திரிந்தது. மலையைப் பார்க்கிறது என்றார்கள். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. விரதமாம். மதிவதனிக்கு வந்த ஆத்திரத்தில் கொதிக்கிற டீயை அவர்கள் தலையில் ஊற்றலாம் போலிருந்தது. கிட்டே போனால் காதிலிருந்து நாற்றம் அடித்தது. மஞ்சள் வாசனைக்கு அடியில் அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்படியே விட்டால் காது அழுகிவிடும்.

நாயைத் தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் கேள்வி வரும் என்று, மளிகை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுனில் இருக்கும் மாட்டாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி படவே கூடாதும்மா. நனைஞ்சா சிக்கு இன்னும் இறுகும்."

"பன்னீர் ஊத்தறாங்க சார்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "மொதல்ல சீப்ப தோலுக்கும் சிக்குக்கும் நடுவுல நுழைச்சிடுங்க. சீப்புக்கு மேல வெட்டுங்க. காதுத் தோலு மெலிசு, சிக்கோட சேந்து மேல வந்துடும். சீப்பு இல்லாம வெட்டுனீங்கன்னா காதயே வெட்டிடுவீங்க. சின்னச் சிக்க எண்ண தொட்டு விரலால பிரிங்க. புண்ணு பெருசா இருந்தா யார் இன்னா சொன்னாலும் இங்க தூக்கினு வந்துடுங்க."

பரசுராமன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போன பகலில் மதிவதனி கடையைச் சாத்திவிட்டு ரோசியை மடியில் போட்டுக்கொண்டாள். சீப்பை நுழைக்கவே முதலில் இடம் இல்லை. உருண்டையை நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி, எண்ணெய் விட்டுப் பிரித்து, சீப்பு நுழைந்த இடத்தில் வெட்டி, மறுபடி பிரித்தாள். ரோசி ஒருமுறை கையைக் கவ்வியது. கடிக்கவில்லை. கவ்வியபடியே நடுங்கியது. அவள் அழுதுவிட்டாள்.

உருண்டை கழன்று வந்த இடத்தில் ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. உருண்டைக்குள் என்ன இருந்தது தெரியுமா? நாயுருவி முள். மேய்கிற ஆட்டின் வாலில் ஒட்டுமே, அதே முள். இத்தனை ஜனமும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டது அதைத்தான். வெட்டியதைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். அன்று ரோசி தட்டை வழித்துத் தின்றது.

அதன் பிறகு தினமும் காதுக்குப் பின்னால் சீவினாள். நனைந்தால் உடனே துடைத்தாள். காது உள்ளே விழாமலிருக்க வாய் குறுகிய சொம்பில் பால் வைத்தாள். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து காதைப் பார்த்த பரசுராமன் அவளிடம் பேசவே இல்லை. பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பௌர்ணமி வந்தது. சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது கடை வாசலில் கூட்டம். சாக்கு விரித்திருந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்டூல். அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டில் மஞ்சள் துணி விரித்து, சாமந்திக்கு நடுவே அந்த இரண்டு சிக்கு உருண்டைகளும் இருந்தன. குப்பையைக் கிளறி எடுத்திருக்கிறான். பக்கத்தில் பரசுராமன் விபூதி பூசிக் கைகட்டி நின்றான்.

கூட்டத்துக்குள் தெரிந்த வாசனை ஏதோ ரோசியை இழுத்திருக்க வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டே ஸ்டூலுக்குக் கிட்டே வந்தது. தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "ச்சீ, நாயி, தள்ளிப் போ. சாமி பொருள்ல வாய வைக்கப் போவுது" என்று காலால் நெட்டித் தள்ளினாள்.

மதிவதனி பால் கேனைக் கீழே வைத்தாள். ரோசியை வாரித் தூக்கி, காதைப் புரட்டி, இன்னும் ஆறாத சிவப்பை அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"நீங்க கும்புடற சடை இங்கருந்துதாங்க வந்துது. இதத் தொட்டுக் கும்புடுங்க."

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் போனாள். யார் கையும் நீளவில்லை. "மதி" என்றான் பரசுராமன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையில் நாயோடு மறு கையால் தட்டை எடுத்து, துணியும் பூவும் சடையுமாக டீ அடுப்பில் கவிழ்த்தாள். முடி பொசுங்குகிற நாற்றம் கடை முழுக்கப் பரவியது. கும்பிட வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள்.