மூன்றாம் வகுப்பின் நீல நாற்காலி

ஹோலிஸ் மாப்ரியின் பின்னால் ஒரு நீல நாற்காலி முப்பத்து நான்கு வருடம் நடந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிதான். இரும்புக் கால் நான்கு, முதுகில் ஒரு விரிசல். 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காட்டர்வில் தொடக்கப் பள்ளியில் கோடை விடுமுறைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் ஓடினார்கள், ஹோலிஸும் ஓடினான், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியும் படியிறங்கி அவன் பின்னாலேயே போயிற்று. பள்ளியைக் கூட்டித் துடைக்கும் லீமன் அதை இரண்டு முறை தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் மறுநாள் காலை அது ஹோலிஸின் கட்டிலடியில் நின்றது. மூன்றாவது முறை லீமன் போகவில்லை. பள்ளியின் பொருள் பட்டியலில் ஒரு நாற்காலியை அடித்துவிட்டு, மிசிசிப்பி வெயிலில் இதற்கெல்லாம் அலைய முடியாது என்று சொல்லிவிட்டார்.

நாற்காலி ஏன் போனது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. பையனுக்கு அதன்மேல் பாசம் என்றார்கள் சிலர். சர்ச்சில் பாடும் பெண்கள், ஏதோ ஒரு தேவதூதன் களைப்பாறுவதற்காக அதைக் கூடவே அனுப்பியிருக்கிறான் என்றார்கள். உண்மைக் காரணம் ஹோலிஸுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாமலேயே நான்காம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய மூன்றாம் வகுப்பு டீச்சர் மிஸஸ் ஓடோம் தங்கமான மனுஷி. கரும்பலகை துடைத்து, டீச்சரின் பையைச் சுமந்து, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளையை எப்படி நிறுத்திவைப்பது என்று மனசு கேட்காமல் மதிப்பெண் அட்டையில் 'பரவாயில்லை' என்று எழுதினார். அடுத்த வருடத்து டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. இப்படி எட்டு நல்ல மனசுகள் சேர்ந்து அவனைப் பதினோராம் வகுப்புவரை தள்ளிக்கொண்டு போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவராவது கொஞ்சம் கல்மனசாக இருந்திருக்கலாம் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

படிப்பை நிறுத்திவிட்டு ஹோலிஸ் கெளுத்தி மீன் குளங்களில் வேலைக்குப் போனான். தீவன லாரியை அவன் ஓட்டும்போது நாற்காலி பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நின்று வரும். கரையில் அவன் நடந்தால் அதுவும் டக் டக் என்று நடக்கும். சேறு பட்டால் கழுவிவிடுவான். கால் நுனியில் மாட்டும் ரப்பர் தேய்ந்துபோகும்போதெல்லாம் புதிது வாங்கி மாட்டினான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீனுக்கு மூச்சு முட்டப்போகிறதென்று, ஆக்ஸிஜன் அளக்கும் கருவி காட்டுவதற்கு முன்பே சொல்லக்கூடியவன் அவன். ஓட்டலில் சாப்பாட்டு அட்டையை நீட்டினால், பக்கத்து ஆள் சாப்பிடுவதையே தனக்கும் கொடுக்கச் சொல்வான். படிவம் எதையாவது கொடுத்தால், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பான். அவன் ஆயுளில் கண்ணாடி போட்டதே கிடையாது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு அத்தனை பாட்டையும் மனப்பாடமாகப் பாடினான். அங்கே அவனைப் பொறுப்பாளராக்கக் கூப்பிட்டபோது, பொறுப்பாளர் சபைக்கு முன் வேதம் வாசிக்க வேண்டுமே என்று மூன்று தடவை மறுத்தான். என்ன அடக்கம் பார் என்று ஊர் மெச்சியது.

வெர்டீயைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று நாற்காலி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றது, மணப்பெண்ணே அதற்கு ஒரு வெள்ளை ரிப்பன் கட்டிவிட்டாள். இரண்டாம் வருடம் ஒரு மருந்துப் புட்டியில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னபோது அவன் வண்டவாளம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து தபாலில் வந்த எதையும் அவளே வாசித்து, சமைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாக அவன் காதில் போட்டுவந்தாள். அதற்குப் பிறகு ஜோனெல் பிறந்தாள். கெட்டிக்காரப் பெண். தவளை கத்துவதைப்போலக் கத்தவும் பாதிரியார் மாதிரி நடந்து காட்டவும் நான்கு வயதிலேயே கற்றுக்கொண்டவள்.

ஜோனெல் முதல் வகுப்புக்கு வந்த காலத்தில் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வாசிப்புத் தேர்வில் தேற வேண்டும், தேறாவிட்டால் நான்காம் வகுப்பு கிடையாது. மூன்று தடவை எழுதலாம், அவ்வளவுதான். தாண்டினால்தான் மேலே போகலாம் என்பதால் ஊரில் அதற்கு 'கேட்', அதாவது வாயிற்கதவு, என்று பெயர் வைத்தார்கள். ஜோனெல் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து ஒரு தாள் போனது: தினமும் மாலை இருபது நிமிடம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று. வெர்டீக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. ஆகவே கேட்பது ஹோலிஸின் பொறுப்பாயிற்று. சோள ரொட்டியைத் தின்றுவிட்டு ஜோனெல் புத்தகத்தைப் பிரிப்பாள், படத்தைப் பார்ப்பாள், கரடி தேன் தேடிப் போனதையும் வழியில் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டதையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள். ஹோலிஸ் வாயைப் பிளந்து கேட்பான், சபாஷ் என்பான், தாளில் கையெழுத்தை வரைவான். அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அவன் பெயர். அதையும் மீன் படம் போடுவதைப்போல வரைந்தே பழகியிருந்தான். நூற்றுப் பன்னிரண்டு மாலை இப்படி நடந்தது. இத்தனை நேர்த்தியாக நிரப்பிய தாளைத் தாங்கள் பார்த்ததில்லை என்று பள்ளியிலிருந்து பாராட்டுக்கூட வந்தது.

ஏப்ரல் மாதத் தேர்வில் ஜோனெல் தேறவில்லை. மே மாதத்திலும் இல்லை. கோடையில் மூன்றாவது தடவை எழுதி இரண்டு மதிப்பெண்ணில் விட்டாள்.

தலைமையாசிரியை டெல்ஃபின் ரக்கர் அப்பாவையும் மகளையும் கூப்பிட்டனுப்பினார். 1981இல் ஹோலிஸுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து அதே மூன்றாம் வகுப்பைப் படித்தவர் அவர். நாற்காலி படியிறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்த சிலரில் ஒருவர். சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. பிள்ளைக்கு இன்ன குறை என்று காட்டி அப்பாவும் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பலாம். ஜோனெலுக்கு அந்தக் குறை எதுவும் இல்லை. ஆனாலும் டெல்ஃபின் தாளை நிரப்பி வைத்திருந்தார், நட்புக்காகத்தான். ஜோனெல் முகம் மலர்ந்து நின்றாள். ஹோலிஸ் பேனாவை எடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை வரையக் குனிந்தான்.

அப்போது நடைபாதையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. ஹோலிஸ் திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தான். அது அவன் பக்கத்தில் அசையாமல் நின்றது. சத்தம் நெருங்கியது. மூன்றாம் வகுப்பறையில் ஜோனெல் ஒரு வருடம் உட்கார்ந்திருந்த மஞ்சள் நாற்காலி வாசலில் வந்து நின்று, ஒரு காலை அறைக்குள் எடுத்து வைத்தது.

ஹோலிஸ் பேனாவை மேசையில் வைத்தான்.

"டெல்ஃபின், இந்தத் தாள் வேண்டாம். அவ மூணாங்கிளாஸ்லயே இருக்கட்டும்."

"யோசிச்சுத்தான் பேசுறியா? கூடப் படிச்சதுங்க எல்லாம் மேல போயிடும். பிள்ளை ஒடஞ்சிடுவா, ஹோலிஸ்."

"என்னைய ஒடைக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் மேல அனுப்புனாங்க. எனக்கு ஒரு எழுத்து வாசிக்க வராது, டெல்ஃபின். அதான் இது முப்பத்திநாலு வருஷமா என் பின்னால வருது. என் பொண்ணு பின்னால ஒண்ணு வர வேணாம்."

டெல்ஃபின் ரக்கர் நீல நாற்காலியைப் பார்த்தார். பிறகு தாளை இரண்டாகக் கிழித்தார். மஞ்சள் நாற்காலி வைத்த காலை எடுத்துக்கொண்டு, வந்த வழியே வகுப்பறைக்குத் திரும்பிப் போயிற்று. முப்பத்து நான்கு வருடம் மூடி மறைத்ததை ஒரு பகல் வேளையில், மகள் கேட்க, அந்த மனிதன் போட்டு உடைத்தான். எங்கள் ஊரில் ஆற்று வெள்ளத்தில் ஆளைக் காப்பாற்றியவர்கள் உண்டு, போரில் பதக்கம் வாங்கியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அவர்கள் ஹோலிஸுக்குப் பிறகுதான்.

ஜோனெலுக்கு அப்படித் தோன்றவில்லை. லாரியில் ஏறியதும் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"உனக்கு வாசிக்க வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும், டாடி. ஒரு நாள் புத்தகத்தத் தலைகீழா வெச்சுட்டுக் கத சொன்னேன். நீ சபாஷ்னு சொன்ன. நான் உன்னைய யார்கிட்டயும் காட்டிக் குடுக்கல."

அதற்குப் பிறகு ஐம்பத்து மூன்று நாள் அவனோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தூங்கினாள். நான்காம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, என்னடி மூணாங்கிளாஸ் ரொம்பப் பிடிச்சுப்போச்சா என்று கேட்டபோது, அவள் அப்பாவைத்தான் மனதில் திட்டினாள். நடந்ததை அறிந்த வெர்டீ கணவனைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. தபாலை மட்டும் வாசிக்காமல் மேசைமேல் அப்படியே போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் ஹோலிஸ் மூன்றாம் வகுப்பு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். புது டீச்சர் மிஸ் பீச்சம் அவன் வயதில் பாதி இருப்பார். நாற்காலியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பின்வரிசையில் இடம் இருக்கிறது, நாற்காலி நீங்களே கொண்டுவந்திருக்கிறீர்கள், நல்லது என்றார். அன்று முதல் காலையில் முதல் பாடவேளை அவன் அங்கே உட்கார்ந்தான். குளத்து வேலைக்கு அதற்குப் பிறகுதான் போனான். முழங்கால் காதைத் தொட, நீல நாற்காலியில் அவன் உட்கார்ந்தது முப்பத்து நான்கு வருடத்தில் அதுவே முதல் தடவை. அது வரை அதன்மேல் உட்காரலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மிஸ் பீச்சம் கண்டிப்பானவர். புத்தகத்தில் படம் இருந்தால் அதன்மேல் அட்டையை ஒட்டி மறைத்துவிடுவார். ஊகிக்காதே, எழுத்தைப் பார், ஒவ்வொரு ஒலியாகச் சொல், பிறகு சேர் என்பார். படம் இல்லாமல் ஜோனெலின் கரடிகளும் போலீஸ்காரர்களும் காணாமல் போனார்கள். அவள் ஒன்பது வயதில் ஒவ்வொரு ஒலியாகக் கூட்டினாள். அவளுக்கு நான்கு வரிசை பின்னால் நாற்பத்திரண்டு வயது ஆள் அதே ஒலிகளைக் கூட்டினான். மகள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் இரண்டே நாளில் அவனோடு பழகிவிட்டார்கள். பென்சில் சீவித் தரச் சொன்னார்கள்.

அவள் பேசாமலிருந்த ஐம்பத்து மூன்றாவது நாள் வகுப்பில் ஹோலிஸின் முறை வந்தது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும். நான்கு சொல் தாண்டி ஐந்தாவது சொல்லில் மாட்டிக்கொண்டான். நீளமான சொல். முதல் ஒலியைச் சொன்னான், மறுபடி முதல் ஒலியையே சொன்னான். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்ற பழைய பேச்சு நாக்கின் நுனிவரை வந்துவிட்டதென்று பிறகு அவனே சொன்னான். யாரோ ஒரு பையன் சிரிக்கத் தொடங்கினான். அப்போது முன்வரிசையில் ஜோனெல் திரும்பாமலேயே மேசையை விரலால் தட்டினாள். ஒரு தட்டு, ஒரு ஒலி. இரண்டாம் தட்டு, இரண்டாம் ஒலி. ஹோலிஸ் அந்தத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு சொல்லின் மறுகரைக்கு வந்து சேர்ந்தான். வகுப்பு முடிந்ததும் அவள் அவனிடம் போனாள்.

"படத்தப் பாக்காத டாடி. நானும் பாக்கறதில்ல."

அன்று மாலையிலிருந்து இருபது நிமிடம் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அவள் ஒரு பக்கம் வாசித்தாள், அவன் ஒரு பக்கம். இட்டுக்கட்டினால் ஒருவரையொருவர் பிடித்துவிடுவார்கள். குளிர்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று. தீவன மூட்டையில் எழுதியிருப்பதை ஹோலிஸ் குளத்தங்கரையில் நின்று உரக்க வாசிப்பதை மற்ற வேலையாட்கள் கேட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகத் தான் கொட்டிவந்த தீவனத்தில் என்னென்ன இருக்கிறதென்று அறிந்து ஆச்சரியப்பட்டான். வெர்டீ மேசைமேல் போட்டுவைத்த தபால் குவியல் மெல்லக் குறைந்தது.

ஏப்ரலில் ஜோனெல் தேர்வு எழுதினாள். இந்த வருடம் முதல் தடவையிலேயே, பதினெட்டு மதிப்பெண் மிச்சம் வைத்துத் தேறினாள். டெல்ஃபின் ரக்கர் மறுபடி இருவரையும் கூப்பிட்டு, நான்காம் வகுப்புக்கு அனுப்பும் தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். ஹோலிஸ் அந்த விரலை மெதுவாக நகர்த்தினான். மேல் வரியிலிருந்து தொடங்கி, தேதி, பள்ளியின் பெயர், சட்டத்தின் எண் என்று ஒன்றையும் விடாமல் வாய்விட்டு வாசித்தான். பதினொரு நிமிடம் ஆயிற்று. வெளியே இரண்டு பெற்றோர் காத்திருந்தார்கள், தொலைபேசி அடித்து ஓய்ந்தது, தலைமையாசிரியை எடுக்கவில்லை. "ஜோனெல் மாப்ரி நான்காம் வகுப்புக்குத் தகுதி பெற்றிருக்கிறாள்" என்ற வரிக்கு வந்ததும் விரலை அதன்கீழ் வைத்தான். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். அவன் வரையாமல் எழுதிய முதல் கையெழுத்து அது.

அப்பாவும் மகளும் நடைபாதையில் நடந்தார்கள், நாற்காலியும் டக் டக் என்று கூட வந்தது. மூன்றாம் வகுப்பறைக்கு எதிரே வந்ததும் அது நின்றது. ஜோனெல் போய் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நாற்காலி உள்ளே போய், பின்வரிசையில் காலியாகக் கிடந்த மேசைக்கடியில் தன்னைச் செருகிக்கொண்டது. மஞ்சள் நாற்காலி தன் இடத்திலேயே இருந்தது. ஹோலிஸ் லாரியில் ஏறி, சாவியைத் திருப்பாமல், பக்கக் கண்ணாடியில் பள்ளிப் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வண்டிய எடு டாடி," என்றாள் ஜோனெல். "அது வராது."

பள்ளி விட்டபின், லீமனுக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்த அவருடைய மருமகன் மூன்றாம் வகுப்பைத் துடைக்க வந்தார். ஒரு நாற்காலி கூடுதலாக இருப்பதைப் பார்த்தார். பொருள் பட்டியலில் 1981ஆம் ஆண்டு அடித்திருந்த வரியைத் தேடி எடுத்துத் திரும்ப எழுதிச் சேர்த்தார். பிறகு மற்ற நாற்காலிகளைப்போல அதையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தார்.