தலை தட்டாத வள்ளம்

வித்யாஸ்ரீக்குப் பொய் சொல்ல வராது என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள், மேனகாவுக்கு அந்த இ-மெயிலை அனுப்பும்வரை. 'கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து ஃபைல்கள் எல்லாம் போய்விட்டன, மன்னிக்கவும்' என்று ஒரே வரி. அனுப்பிவிட்டு, அந்த ஃபைல்கள் பத்திரமாக இருந்த ப்ளாப்பியை எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வீட்டில் நகை வைக்கிற இடம் அது.

மேனகா வேறொரு ஊரில் சிறுதானிய ஆராய்ச்சி செய்கிறவள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. 2001இல் வித்யாஸ்ரீயின் கட்டுரை ஒன்று ஆய்விதழில் வந்தது. கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அங்கே குண்டனி நாட்டுச் சாமையையும் தேவனூர் நாட்டுச் சாமையையும் ஒப்பிட்டு, தேவனூர்ச் சாமைதான் அதிகம் விளைகிறது என்று அடித்துச் சொன்ன கட்டுரை. அதைப் படித்துவிட்டுத்தான் மேனகா எழுதியிருந்தாள். குண்டனியில் வைக்கோல் எடை இவ்வளவு நன்றாக இருக்கும்போது தானியம் மட்டும் ஏன் இப்படிக் குறைகிறது, உங்கள் மூலத் தரவைக் கொஞ்சம் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள்.

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் வித்யாஸ்ரீக்குக் குத்தியது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தி எடுத்து, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துச் சேர்த்த எண்கள் அவை. உட்கார்ந்த இடத்தில் இவள் வாங்கிக்கொண்டு, நமக்கு முந்தி இன்னொரு கட்டுரை எழுதி நல்ல பேர் வாங்கிவிடுவாள் என்று வயிறு எரிந்தது. அவளுடைய பேராசிரியரும் அதைத்தான் சொல்லி வளர்த்திருந்தார்: "தரவை மட்டும் கையை விட்டுடாதேம்மா." வரப்புக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள், எண்களுக்கு வேலி போடுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

இது 2002இல் நடந்தது. அடுத்த வருஷம் ஒரு விதைத் திட்டத்தின் ஆபீஸ்காரர்கள் அவளுடைய கட்டுரையை நம்பி, தேவனூர்ச் சாமை விதையைக் குண்டனி நாட்டு ஊர்களுக்குக் கொடுத்தார்கள். மேடை போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை நல்ல ரகம். அவள் அம்மா கருப்பாத்தாள் அதை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறாள்.

2004 மே மாதம், அதே தரவை வைத்து அவள் எழுதிய அடுத்த கட்டுரைக்கு ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, அச்சிடுகிறோம். ஆனால் அதற்கு முன் தரவு முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி காப்பகத்தில் வைக்க வேண்டும். கூடவே ஒரு விளக்கமும் வேண்டும். ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது, யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று, அந்த ஊரையே பார்க்காத ஒருவர் படித்தாலும் விளங்குகிற மாதிரி எழுதவும்.

'இது வேறயா' என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பீரோவைத் திறந்தாள். கல்லூரியில் பதவி உயர்வுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ப்ளாப்பி புடவைக்கடியிலேயே கிடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பாதிக்குமேல் சுலபமாகத்தான் போயிற்று. விளைச்சல் என்ற இடத்தில், தலைப்பாக 'வ' என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. வ என்றால் வள்ளம். மலையில் தானியத்தைத் தராசில் போடுவதில்லை, வாயகன்ற வள்ளத்தால் அளப்பார்கள். தேவனூரில் ஒரே ஒரு வள்ளத்தை எடை போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் அந்த எடையால் பெருக்கியிருந்தாள். எப்படி அளந்தார்கள்? 'வள்ளத்தால்' என்று தட்டினாள். ஊரையே பார்க்காத ஒருவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசித்தாள். தலை தட்டியா, குவித்தா என்று கேட்பார். அங்கே விரல் நின்றது.

சாப்பாட்டுக்கு அளந்தால் விளிம்போடு கையை வழித்துத் தலை தட்டுவார்கள். விதைக்கு அளந்தால் தட்ட மாட்டார்கள். விதையின் தலையைத் தட்டினால் வெள்ளாமை தங்காது என்று பயம். மலையிலும் அப்படித்தான், அடிவாரத்தில் அவள் வீட்டிலும் அப்படித்தான். கருப்பாத்தாள் விதைக்கடலையைக் குவித்துக் குவித்து அளப்பதைப் பார்த்து வளர்ந்தவள் வித்யாஸ்ரீ. அவளுக்குத் தெரியாத வழக்கம் ஒன்றுமில்லை. அவ்வளவு தெரிந்திருந்ததால்தான் அதை எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

குண்டனியில் மாதம்மாள் வீட்டுக் களம் கண்முன் வந்தது. "இத வெதைக்கு எடுத்துக்கப் போறோமுங்க" என்று அன்றைக்குச் சொன்னது வித்யாஸ்ரீதான். மாதம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒன்று என்று சொல்லாமல் வழக்கம்போல "லாபம்" என்று எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு வள்ளத்தையும் சாமை விளிம்பு தாண்டி வழிகிறவரை குவித்தாள். அக்கம்பக்கத்துக் களங்களிலும் அப்படியே குவித்தார்கள். தேவனூரில் அளந்ததோ வீட்டுச் சாப்பாட்டுக்கு. அங்கே எல்லாம் தலை தட்டிய வள்ளம்.

ஒரு வள்ளத்துக்குள் அதிகமாகப் போனால், மொத்தத்தில் வள்ளங்கள் குறையும். அந்தக் குறைவைத்தான் அவள் விளைச்சல் குறைவு என்று எழுதி அச்சேற்றியிருந்தாள்.

எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவின் வள்ளத்தை எடுத்தாள். சாமையைக் குவித்து எடை போட்டாள். தலை தட்டி மறுபடியும் போட்டாள்.

"ஏங்கண்ணு, மத்தியான நேரத்துல சாமைய எறச்சுக்கிட்டு இருக்கற?" என்றாள் கருப்பாத்தாள்.

அவள் இரண்டு எடைகளையும் குறித்துக்கொண்டாள். கணக்கைத் திருத்திப் போட்டபோது குண்டனிச் சாமை தேவனூர்ச் சாமைக்குச் சமமாக வந்து நின்றது. சொல்லப்போனால் ஒரு பிடி கூடுதல். மேனகாவுக்குச் சந்தேகம் வந்த இடமும் சரியாக இதே இடம்தான். அன்றைக்கே காட்டியிருந்தால் அவள் முதல் கேள்வியிலேயே பிடித்திருப்பாள். அந்த விதையும் மலை ஏறியிருக்காது. வித்யாஸ்ரீக்குக் காது மடல் வரை சூடேறியது. யாரும் பார்க்காத அறையில்கூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலைக்குப் போனாள். குண்டனி நாட்டில் இறங்கும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாதம்மாள் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தாள். முன்பு சாமை நின்ற மேடு முழுக்க இப்போது குச்சிக்கிழங்கு, மரவள்ளி.

"அட, எங்க வித்யாக் கண்ணா! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற. பஸ்ஸுல வாந்தி எடுத்தியா சாமி?"

"இல்லீங்க்கா. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றாள் வித்யாஸ்ரீ. பொய் சொல்ல வராதவளுக்கு இப்போது நன்றாகவே வந்தது.

மாதம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். பலாச்சுளையும் தட்டில் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இந்த வருசம் சாமை போடலீங்களாக்கா?" என்று கேட்டுவைத்தாள்.

"எங்க கண்ணு போடறது? ஆபீஸ்ல குடுத்தாங்களே தேவனூரு வெதை, அதத்தான் போன வருசம் போட்டோம். அது நாள் புடிக்கிற சாமை. மழ ஏமாத்திருச்சு, கதிரு வாங்கறதுக்குள்ள காஞ்சு போச்சு. எங்களுதுன்னா வெரசா வந்திருக்கும்." மாதம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அது மட்டமாமே. புஸ்தகத்துலயே வந்துருச்சுன்னாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு அப்பருந்து வருத்தம். நீ அத்தன தூரம் அலஞ்ச, நாங்க இன்னொரு ஒழவு ஓட்டிப் போட்டிருக்கோணும். உம் பேருக்கு ஒண்ணும் கொறச்சல் வந்துருலியே கண்ணு?"

வித்யாஸ்ரீ டம்ளரைக் கீழே வைத்தாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றிருப்பாள். இந்தப் பெண் தன் காட்டை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெட்கம் முழுவதும் வித்யாஸ்ரீ பட வேண்டியது. இத்தனை நாளாக அதை மாதம்மாளின் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுச் சால்வையோடு திரிந்திருக்கிறாள்.

"உங்க சாமை மட்டமில்லீங்க்கா" என்று ஆரம்பித்து, வள்ளத்தின் கதையைச் சொன்னாள். பார்வை தரையைவிட்டு எழவில்லை.

"நீதான கண்ணு வெதைக்குன்னு சொன்ன?" என்றாள் மாதம்மாள்.

"ஆமாங்க்கா. நாந்தான் சொன்னேன். குவிச்சு அளந்தீங்கன்னு எழுதாம உட்டதும் நாந்தான்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நேத்துதானுங்க."

அது உண்மை. ஒளிந்துகொள்ள வசதியான உண்மை. மாதம்மாளும் தலையை ஆட்டி, "தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றது, போ" என்றாள். அந்த மன்னிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். வித்யாஸ்ரீக்கு வாங்கக் கை வரவில்லை.

"முன்னாலயே ஒருத்தங்க கேட்டாங்க்கா. கணக்கு இடிக்குது, காட்டுங்கன்னு. உங்களுக்கு அந்த வெதையக் குடுக்கறதுக்கு முந்தியே கேட்டாங்க. நான் காட்டல. எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

"ஏங் காட்டல?"

"எடுத்துக்குவாங்கன்னு."

"என்னத்த எடுத்துக்குவாங்க?"

மாதம்மாளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. விதை கேட்டு வாசலுக்கு வந்தவருக்கு ஒரு வள்ளம் கொடுப்பதும், அது எந்தக் காட்டு விதை, எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் அவளுக்குப் பழக்கம். கொடுத்ததால் தன் காடு குறைந்துபோனதாக அவள் நினைத்ததில்லை.

மாதம்மாள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. பாத்துப் போங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வித்யாஸ்ரீயை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கண்ணும் போய்விட்டது, சாமியும் போய்விட்டது.

வாசலில் நின்று வித்யாஸ்ரீ கேட்டாள்: "பழைய வெதை யாருகிட்டயாச்சும் இருக்குங்களா?"

"சென்றாயன் ஊட்டுல கொஞ்சம் இருக்கும். ஆபீஸ் சொன்னதக் கேக்காதவன் அவன் ஒருத்தன்தான்."

இருந்தது. ஒரு சுரைக்குடுக்கையில், சாம்பல் கலந்து. அந்த ஆடியில் மாதம்மாள் மேட்டின் ஒரு மூலையில் கிழங்கைப் பிடுங்கிவிட்டு அதை விதைத்தாள்.

வித்யாஸ்ரீ கீழே இறங்கி விளக்கத்தை எழுதி முடித்தாள். 'குண்டனி நாடு: விதைக்காக அளந்தது, குவித்த வள்ளம். தேவனூர் நாடு: சாப்பாட்டுக்காக அளந்தது, தலை தட்டிய வள்ளம். முதல் கட்டுரையின் முடிவு தவறு.' தரவைக் காப்பகத்தில் வைத்தாள். புதிய கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். ஆய்விதழ் திருத்தத்தை அச்சிட்டது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. மேனகாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பி, 'வைரஸ் எதுவும் வரவில்லை, நான் பொய் சொன்னேன்' என்று எழுதினாள். 'கிடைத்தது. விளக்கம் தெளிவாக இருக்கிறது, நன்றி' என்று பதில் வந்தது. பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு மேனகா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

புரட்டாசிக் கடைசியில் சாமை அறுப்பு. மூலையளவு காடுதான், ஆனால் கதிர் நன்றாகப் பிடித்திருந்தது. இந்தத் தடவை தராசும் கொண்டுபோயிருந்தாள் வித்யாஸ்ரீ. களத்தில் சென்றாயனும் அக்கம்பக்கத்தாரும் நின்றிருந்தார்கள். ஒரு மணிகூடச் சாப்பாட்டுக்கு இல்லை, அத்தனையும் விதைக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாதம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். வள்ளத்தை அள்ளி நிறைத்தாள். சாமை குவிந்து விளிம்பில் வழிந்தது. நிமிர்ந்து வித்யாஸ்ரீயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளங்கையை விளிம்பில் வைத்தாள்.

வித்யாஸ்ரீ பதறிப்போனாள். "வேண்டாங்க்கா, தட்டாதீங்க! வெதைங்க்கா அது. நீங்க எப்பவும்போல அளங்க. எப்படி அளந்தீங்கன்னு நான் எழுதிக்கறேன்."

"எழுதுவீங்க" என்றாள் மாதம்மாள். கோபம் எதுவும் இல்லை குரலில். "எழுதாம உட்டாலும் உட்டுருவீங்க. எங்க சாமைக்கு இன்னொருக்கா கெட்ட பேரு வேண்டாமுங்க."

கையை இழுத்தாள். குவிந்திருந்த விதை களத்தில் சரிந்து விழுந்தது. சென்றாயன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். வள்ளம் தட்டையாக, விளிம்போடு விளிம்பாக நின்றது. மாதம்மாள் அதைத் தராசுப் பக்கம் நகர்த்தி வைத்தாள். லாபம் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு" என்றாள். "எழுதிக்குங்க."