கூப்பிடும் மைனாவை என்ன செய்வது?

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஓமான் நாட்டுச் சலாலாவில் நான் நடத்தும் வெல்டிங் பட்டறையில், ஒரு கூண்டுக் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பக்கீத் சொன்னது. பாதிதான் காதில் விழுந்தது. மீதியைக் கிரைண்டர் சத்தம் தின்றுவிட்டது. அந்த மீதிதான் என் இலக்கியம்.

2

முதல் வரி முயற்சி: 'கப்பலேறி இக்கரைக்கு வந்த மைனாக்கள் அன்று அறிந்திருக்கவில்லை, தங்களைப் போலவே...'

(அடித்துவிட்டேன். அடுத்து 'நானும்' என்று வரும். இருபத்தாறு வருடமாகக் கவிதையில் இதையே எழுதுகிறேன். என் மனைவிகூடப் படிப்பதில்லை.)

நேராகவே சொல்கிறேன். பக்கீத், அரசாங்க மைனா ஒழிப்பு வேலையில் பொறி வைப்பவன். வெளியிலிருந்து வந்த மைனாக்கள் பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைப் பிடுங்கி, தோட்டங்களைப் பாழாக்கியதால் அந்த ஏற்பாடு. பொறிக்குள் ஒரு மைனாவை உயிரோடு வைப்பார்கள். அது கத்தும். துணை இருக்கிறதென்று மற்றவை வந்து சிக்கும். பக்கீத்திடம் இருந்தது பெரிய கெட்டிக்காரி. ஒரே குளிர்காலத்தில் மூன்று தோட்டங்களில் மைனாச் சத்தமே இல்லாமல் செய்துவிட்டது.

பிறகு உத்தரவு வந்தது: கூப்பிடும் மைனாக்களையும் முடித்துவிடவும்.

3

பக்கீத் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி துஃபூல் வாசலிலேயே மறித்தாள். இங்கே கணவனை 'இன்னாரின் அப்பா' என்று மகன் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள்.

"அபூ சுஹைல், என் பப்பாளியெல்லாம் கொத்தித் தின்ன கூட்டத்தை வீட்டுக்குள்ளயே கூட்டிட்டு வர்றியா?"

"ரெண்டே நாள்."

"ஆயிரம் மைனாவைக் கொன்னப்போ நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கின. இப்ப என்ன வந்துச்சு?"

"அதுங்க என்கூட வேலை பாக்கலயே, துஃபூல்."

(அவளை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். தவறு.*)

* பக்கீத் தொழுகைக்குப் போன நேரத்தில் அவள்தான் பேரீச்சம்பழத்தைப் பிய்த்து ஊட்டியிருக்கிறாள்.

4

மூன்றாம் நாள் அதிகாரி சயீத் வந்தான். பக்கீத்தைவிட இருபது வயது இளையவன்.

"சாச்சா, உங்க பறவை மட்டும் இன்னும் வரலியே?"

"செத்துப்போச்சு. புதைச்சிட்டேன்."

அந்த நொடியே அடுப்படியில் மைனா கத்தியது. (நான் சேர்த்ததல்ல. சேர்த்திருந்தால் இன்னும் நயமாகக் கத்த வைத்திருப்பேன்.)

காப்பியோடு வந்த துஃபூல் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனுக்குப் பொய்யே வராது. வந்த ஒண்ணையும் கெடுத்துடுச்சு பாரு, நன்றிகெட்டது!"

சயீத் சிரித்துவிட்டான். சிரித்து முடித்துச் சொன்னான்: "ஒரு ஜோடி சேந்தாலே எல்லாம் மறுபடி ஆரம்பிச்சிடும், சாச்சா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் பக்கீத்தின் வேதனை. "வேற யாரும் தொட வேணாம். நானே பாத்துக்கறேன்" என்று கூண்டை வண்டியில் ஏற்றினான்.

5

முடிவு அ: மலையடிவாரத்தில் கதவைத் திறந்துவிட்டான். (எனக்குப் பிடித்தது. தோட்டக்காரர்களுக்குப் பிடிக்காது.)

முடிவு ஆ: கதவு திறந்தும் மைனா போகாமல், ஒரு விடுதலைக் குறியீடாக... (வேண்டாம்.)

நடந்தது: அன்றே, தன் கையாலேயே முடித்தான்.

எழுதியதை அவனுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். என்னை அவன் 'சதீக்', அதாவது நண்பன், என்றுதான் கூப்பிடுவான்.

"சதீக், துஃபூல் இன்னும் என்கிட்ட கேக்கல. காலியா வந்த கூண்டைப் பாத்தா. உள்ள போயிட்டா. என்னைக்காவது கேப்பா. நீதான் எழுதுறவனாச்சே, நான் என்ன சொல்லணும்னு ரெண்டு வரி எழுதிக் குடு."

எழுத்தாளனாக எனக்கு வந்த ஒரே வேலை. ஐந்து தாள் கிழித்துவிட்டேன். 'அது வலியில்லாமல்...' என்று தொடங்கி எதுவும்...

நீங்கள் யாராவது எழுதிக் கொடுங்கள். பொய் மட்டும் வேண்டாம், அவள் கண்டுபிடித்துவிடுவாள்.