வசந்தினியின் கபரே

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு குழந்தை தொலைபேசியில் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் பிறந்தது. "மாமா, அம்மாவுக்கு கபரேயில வேலை."

சொன்னவள் எலிசா, ஆறு வயது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் அம்மா வசந்தினியோடு இருக்கிறாள். தமிழைவிட பிரெஞ்சுதான் அவளுக்குச் சுலபம். கேட்டவர் ரொறன்ரோவிலிருக்கும் தாய்மாமன் அருமைநாதன். அந்த நொடியே போனை வைத்துவிட்டாராம். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: "சிவப்பு விளக்கின் கீழே, இறகு விசிறியோடு வசந்தினி மேடையேறியபோது..."

(அடித்துவிட்டேன். நான் சென்னைக்காரி. கபரே என்றதும் எனக்கு வருவது பழைய சினிமாதான்: வில்லனின் கூடாரம், ஜிகினா உடை, ஆட்டம். அருமைநாதனும் மட்டக்களப்பில் அதே சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தவர். வம்பே அங்கேதான்.)

இரண்டாவது தொடக்கம், கட்டுரை மாதிரி: கபரே என்றால் பிரெஞ்சில் முதலில் சாராயக்கடை. சின்ன அறை என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். பிறகு பாரிஸில் அந்தக் கடைகளுக்குள் பாட்டும் கேலியும் புகுந்தன; குடிப்பவர்களுக்கு நடுவிலேயே மேடை. இராத்திரி ஆட்டம் என்ற பொருள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மொன்றியலிலும் ஒரு காலத்தில்... ஐயோ, இதை அருமைநாதனிடம் போய்ச் சொல்ல முடியுமா? சாராயக்கடை என்ற இடத்திலேயே எழுந்துவிடுவார்.

இன்னொரு பொருள் பாக்கி. கோப்பைகளை வைத்து நீட்டும் தட்டுக்கும் அதே பெயர். கியூபெக்கில் இன்றைக்கும், இந்த 2004லும், சாப்பாட்டுத் தட்டு கபரேதான். எலிசா பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கற்ற சொல் அது. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில், வசந்தினி நாள் முழுக்கக் கபரே கழுவுகிறாள். அவ்வளவுதான்.

3

இன்று மத்தியானம் வசந்தினி எலிசாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தாள்.

"பார்கவியக்கா, அண்ணன் பஸ்ஸில வந்து இறங்கிட்டாராம். ரொறன்ரோவில இருந்து மச்சாள் இப்பதான் போன் எடுத்துச் சொன்னவ. பிள்ளையைக் கொண்டு போகப் போறாராம்."

"தட்டு கழுவுறேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் சொன்னா நம்ப மாட்டார் அக்கா. போன முறை வந்து கதவையே உடைச்சவர். நீங்க சொல்லுங்க. வேற ஆரும் சொன்னாத்தான் கேப்பார்."

"நானா? இரு, முதல்ல கதவுக்குச் சங்கிலி போடுறேன்."

எலிசா கேட்டாள்: "அம்மா, நான் பிழையா சொன்னனா?"

"இல்ல மகள். சரியாத்தான் சொன்னீங்க."

4

முடிவு ஒன்று: அருமைநாதன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். வசந்தினி ஒரு கபரேயில் தேநீர் கொண்டுவருகிறாள். (எனக்கே நம்பிக்கை இல்லை. கதவை உடைத்தவர் தேநீருக்கு அடங்குவாரா?)

முடிவு இரண்டு: எலிசாவின் ஒற்றை ஷூ மட்டும் பனியில்... வேண்டாம். இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

5

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். கீழ்க்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வருகிறார். எழுதுவதை நிறுத்தினால் நான் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வசந்தினி குழந்தையின் வாயைப் பொத்தியிருக்கிறாள். கதவுக்குச் சங்கிலி போட்டிருக்கிறேன், மெல்லிய சங்கிலி.

நாங்கள் மூன்று பேரும் உள்ளே. வெளியே, அவருக்குப் பக்கத்தில் நிற்பது இதை வாசிக்கிற நீங்கள் ஒருவர்தான். கபரே என்றால் என்னவென்று உங்களுக்கு இப்போது தெரியும். நீங்கள் வேறு ஆள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

தட்டுகிறார். சொல்லுங்களேன், தயவுசெய்து, சீக்கிரம்