மேடை ஓரத்துப் பள்ளம்

மார்ச் 12, புதன். பின்கதவின் அகலம் மூன்றடி ஒன்பது அங்குலம் என்று வரைந்து கொடுத்துவிட்டேன். நோட்டில் மூன்றடி ஏழு என்று இருக்கிறது. எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

இதை எழுதிய பிறகு பிரான்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு, கைலாசபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, எடமலைப்பட்டி புதூரில் கொட்டகை ஸ்டாப்பில் இறங்கினாள். அங்கிருக்கும் நாடகக் கொட்டகையால்தான் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர். நூறு வயதைத் தாண்டிய கட்டடம். அதை ஊரின் அடையாளச் சின்னமாக அறிவிக்கப் போகிறார்கள். அதற்கான வரைபடத்தை, அவள் படம் வரையக் கற்கும் மாலை வகுப்பின் ஆசிரியர் ஹபீபுல்லா அவளை நம்பி ஒப்படைத்திருந்தார். திங்களன்றே மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அதில் பழுது என்று குறித்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து சரிசெய்வார். அறிவிப்புப் பலகை வைத்தபின் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது.

கதவு மூன்றடி ஏழுதான். குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேடையில் ஒத்திகை தொடங்கியிருந்தது. ஈஸ்டருக்குப் போடும் நாடகம். அரசராக நடிக்கும் அமிர்தசாமி லுங்கியும் துண்டுமாக, வலது கையை இடது கையால் தாங்கியபடி நின்றார்.

"மந்திரியாரே, என் மகனை..."

அதோடு நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"நாடு கடத்தியது நான்தான்," என்றது தரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நாடு கடத்தியது நான்தான்!" அமிர்தசாமியின் குரலில் கொட்டகை அதிர்ந்தது.

பிரான்சி எட்டிப் பார்த்தாள். மேடையின் முன் விளிம்பை ஒட்டிய பள்ளத்தில், முக்காலி போட்டு, வசன நோட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை இதே பள்ளம் உடைந்த பலகையும் குப்பையுமாகக் கிடந்தது. 'தரை உள்வாங்கியுள்ளது, சிமென்ட் போட்டு மூடவும்' என்று வரைபடத்தில் பிரான்சிதான் எழுதியிருந்தாள்.

"யாரும்மா நீ, டேப்பும் கையுமா?" என்றார் பள்ளத்திலிருந்தவர்.

"பிரான்சிங்கக்கா. கொட்டகையைப் படம் வரைஞ்சவ."

"அட, நீதானா! நான் லூர்துராணி. ராஜாவோட சம்சாரம்." விளிம்பைத் தட்டினார். "என் சிம்மாசனத்தையும் வரைஞ்சியா?"

சொல்லாமல் நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடச் சொல்லி எழுதியதைச் சொல்லிவிட்டாள்.

லூர்துராணியின் முகம் வாடியது. "மூடிட்டா நான் எங்கம்மா உட்காருவேன்? சைடுல நின்னு சொன்னா ஆகாது, அவருக்கு என் முகம் தெரியணும். போன வருசம் பக்கவாதம் வந்ததுலேர்ந்து வீட்டுல தண்ணி கேக்கக்கூட வாய் திறக்கறதில்ல. கையை நீட்டுவாரு, அவ்ளோதான். இங்க ஏறினாதான் பேச்சு வருது."

அமிர்தசாமி மெல்ல வந்து மேடை விளிம்பில் அமர்ந்தார். மனைவியின் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டார். பிறகு பள்ளத்தைக் காட்டி, "எ... எலி வளை," என்று சிரித்தார்.

"பாரேன்! என்னைக் கிண்டல் பண்ணணும்னா மட்டும் தானா வருது!" லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, அப்படியே உட்காருங்க. அளந்துக்கறேன்."

நீளம், அகலம், ஆழம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தாள். வெளியே வந்து ஹபீபுல்லா சாருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"படத்துல உன் கையெழுத்துதானேம்மா இருக்கு? நீயே போய்ச் சொல்லு," என்றார் அவர்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே நோட்டைத் திறந்து, மறுநாள் தேதியைப் போட்டு எழுதினாள்.

மார்ச் 13, வியாழன். காலை பத்து மணிக்கு அலுவலகம். வரைபடத்தின் மூன்றாம் தாளைத் திரும்பக் கேட்க வேண்டும். 'மூடவும்' என்பதை அடித்துவிட்டு, 'வசனம் எடுத்துக்கொடுப்பவர் அமரும் இடம். பயன்பாட்டில் உள்ளது' என்று எழுத வேண்டும்.