ஷரோன் செத்த நாட்கள்

ஷரோன் முதன்முதலாகச் செத்தபோது அவளுக்கு ஏழு வயது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம், புத்தூர் ஓய்வுநாள் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில், காய்ச்சலில் சாகும் பிள்ளையாக அவள் நடித்தாள். காய்ச்சல் பரப்பும் நுளம்பை ஒழிப்பது பற்றிய நாடகம் அது. போதகரின் மனைவி எழுதியது. வாங்குப் பலகையில் படுத்திருந்த ஷரோன் மூன்று தரம் முனகிவிட்டு, எழுதியிருந்தபடியே தலையைச் சரித்தாள். அழவேண்டிய பிள்ளைகள் அழுதார்கள், பாடவேண்டியவர்கள் பாடினார்கள், திரை விழுந்தது, ஷரோன் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த டொக்டர் மேடையில் ஏறி நாடி பார்த்து, கண்மடலை விரித்துப் பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, பிள்ளை போய்விட்டது என்று சொன்னார். பதினொரு நிமிடம் கழித்து அவள் எழுந்திருந்து தன் பரிசைக் கேட்டாள். நிறப்பென்சில் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அதன்பிறகு அந்த டொக்டர் எவருடைய மரணத்தையும் அரைமணி நேரம் காத்திருந்தே எழுதினார்.

தகப்பன் ஏர்னெஸ்ட் அன்றைக்கு விழாவுக்குப் போகவில்லை. தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துவது அவர் தொழில். பக்கத்துக் காணி மார்க்கண்டுவின் மெசின் நின்றுபோய் வெங்காயம் வாடத் தொடங்கியிருந்ததால், அதைக் கழற்றிக் குசினி வாசலில் பரப்பி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது ஷரோன் நாடகச் சட்டையோடு உள்ளே வந்து, கோப்பையில் தண்ணீர் அள்ளிக் குடித்தாள். அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்டார். "இல்லையப்பா, இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சனம் வந்து செய்தி சொன்ன பிறகுதான் அவர் நேரத்தைக் கணக்குப் பார்த்தார். மனைவியிடம் மட்டும் சொன்னார். "செத்தால் பிள்ளை வேறை எங்கை போறது? வீட்டைதானே வரும்" என்றாள் அவள். அடுத்த வருடம் அவளே காய்ச்சலில் இறந்தாள். ஏர்னெஸ்ட் மூன்று நாள் குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அவள் வரவில்லை. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை என்று விளங்கிக்கொண்டு நான்காம் நாள் கதவைச் சாத்தினார்.

மனைவியின் தங்கை வினிபிரட் மெல்பேர்ணில் இருந்தாள். பிள்ளையில்லாதவள். 2010இல் வந்து, ஷரோனை வளர்க்கக் கேட்டாள். தாயில்லாத பெண்பிள்ளையைப் பக்கத்துப் படைமுகாமுக்கும் மெசினுக்கும் நடுவில் எப்படி வளர்ப்பது என்று ஏர்னெஸ்ட் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தவர், ஓம் என்றுவிட்டார். தானும் பின்னால் வருவதாக மகளுக்குச் சொன்னார். மூன்று தடவை விசாவுக்கு எழுதினார், மூன்று தடவையும் ஒரே மறுப்புக் கடிதம் திகதி மட்டும் மாறி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைத்தார்கள். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரைமணி, கடைசியில் "அப்பா, சாப்பிட்டீங்களா?" "ஓம் பிள்ளை" என்ற அளவில் வந்து நின்றது. அதற்கு மேல் கதைக்க அவளிடம் தமிழ் இருக்கவில்லை, அவரிடம் இங்கிலிஷ் இருக்கவில்லை.

பத்தொன்பது வயதில் ஷரோன் நடிக்கப் போனாள். நடிப்புப் பள்ளிகள் இரண்டு அவளை எடுக்கவில்லை. தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றில் ஆற்றில் ஒதுங்கிய பிணமாகக் கிடக்க ஆள் தேடினார்கள். கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அது அவளுக்குக் கிடைத்தது. படம் பிடித்தவர்கள் அவள் மூக்குக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள், மூச்சுப் புகார் படியவில்லை. நாலு நிமிடத்தில் எழும்பிக் குளிர்கிறது என்று சொன்னாளாம். அதே நாலு நிமிடமும், புத்தூரில் காலை ஆறரை மணிக்கு, தலையிலும் சட்டையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் குசினிக் கதிரையில் இருந்தாள். ஏர்னெஸ்ட் துவாய் எடுத்துக் கொடுத்தார். தலையைத் துடைத்துக்கொண்டே அவள் கூரையைப் பார்த்து, "அப்பா, அந்த உடைஞ்ச ஓட்டை ஏன் இன்னும் மாத்தேல்லை? மழைக்கு அலுமாரி நனையுமெல்லே" என்றாள். ஒரு சொல் பிசகாத, பத்து வயதில் கொண்டுபோன அதே தமிழ். அந்த ஞாயிறு தொலைபேசியில் இருவரும் இதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஏர்னெஸ்ட் கூரைக்குப் புது ஓடு போட்டார்.

அடுத்த மூன்று வருடத்தில் ஷரோன் பதினேழு தரம் செத்தாள். கார்த் தரிப்பிடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டாள், பனியில் விறைத்தாள், கலியாண விருந்தில் நஞ்சு குடித்தாள். முதலில் பிணமாக மட்டும் கிடந்தவளுக்குப் பிறகு ஆறு வசனம் பேசிவிட்டுச் சாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வாரம் உயிரோடு இருந்துவிட்டுச் சாக. இப்படிச் சாகக்கூடிய நடிகை அந்த நாட்டில் இதுவரை இருந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு தரமும் அவள் செத்த கோலத்திலேயே வீட்டுக்கு வந்தாள். கழுத்துக் காயம் சாயம்தான் என்று ஏர்னெஸ்டுக்குத் தெரியும்; ஆனாலும் நோகாமல் மெல்லத் துடைப்பார். மார்க்கண்டு முதல் தரம் வேலிக்கு மேலால் கண்டபோது சிறிதுநேரம் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். "மகள் வந்திருக்கிறா போலை, அண்ணை" என்றார். ஏர்னெஸ்ட் ஓம் என்றார். மார்க்கண்டுவின் மனைவி குணலட்சுமி அன்றிலிருந்து புட்டு அவித்தால் ஒரு பங்கு கூடுதலாக அவித்தாள். ஊரும் பழகிக்கொண்டது.

ஒன்றை ஏர்னெஸ்ட் மட்டுமே கவனித்திருந்தார். தண்ணீரோ தேத்தண்ணீரோ குடித்தால் ஷரோன் அங்கே காட்சி முடிந்ததும் போய்விடுவாள்; சாப்பிட்டால் தங்குவாள். ஒரு பிடி சோற்றுக்கு ஐந்தாறு நிமிடம். தெரிந்த நாளிலிருந்து அவர் விடியக்காலையிலேயே உலை வைத்தார். ஆரம்பத்தில் செம்மண்ணில் அவள் கால் பதிந்ததில்லை. பிறகு பெருவிரல் மட்டும் பதிந்தது. பிறகு முழுப் பாதமும். கை சூடாக வரத்தொடங்கியது. அங்கே அது எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவர் நினைக்காமல் விட்டார். ஒருநாள் வினிபிரட் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தான், நேற்று கமெராவை நிப்பாட்டி இருவது நிமிசத்துக்குப் பிறகுதான் அவள் எழும்பினவள். எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்களாவது சொல்லுங்கோ." சொல்கிறேன் என்றார். அடுத்த தரம் அவள் வந்தபோது மீனும் பொரித்து வைத்திருந்தார்.

2023இல் அவளுக்குப் பெரிய படம் கிடைத்தது, அவளே கதாநாயகி. செத்துக் கிடக்கும் பெண்ணைச் சுற்றி ஒரு குடும்பம் ஐம்பது நிமிடம் சண்டை பிடிக்கிறது. அதை நிறுத்தாமல் ஒரே தடவையில் எடுப்பதென்று முடிவு. அன்று காலை ஷரோன் வெள்ளைச் சட்டையும் முகம் நிறையப் பிணம்போல் வெளிறப் பூசிய மாவுமாக வந்தாள். ஏர்னெஸ்ட் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் போட்டார். இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தாயின் அறையைக் கூட்டினாள், கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தாள். ஐம்பது நிமிடம் போய், இன்னொரு ஐம்பது நிமிடமும் போனது. வெயில் ஏறியபோது அவளுக்கு நிழல் விழுந்திருந்தது.

தொலைபேசி அடித்தது. "அத்தான், எல்லாம் முடிஞ்சு ஒரு மணித்தியாலமாச்சு. அவள் எழும்பேல்லை. டொக்டர் ஆக்கள் நெஞ்சை அமத்திக்கொண்டு நிக்கினம்." வினிபிரட்டின் குரலுக்குப் பின்னால் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது. ஏர்னெஸ்ட் கிணற்றடியைப் பார்த்தார். அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஷரோனின் சட்டை நெஞ்சில் உள்ளே அமுங்கி எழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஏர்னெஸ்ட் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நாலு நிமிடம் பேசாமல் நின்றார். அந்த நாலு நிமிடத்தைப்பற்றி அவர் பின்பு எவரிடமும் சொன்னதில்லை. அதன்பிறகு கிணற்றடிக்குப் போனார்.

"பிள்ளை, வெளிக்கிடு."

"ஏனப்பா? நான் இனி இஞ்சைதானே."

"இது இனி எங்கடை வீடில்லை. வித்துப்போட்டன்."

"ஆருக்கு?"

"மார்க்கண்டுவுக்கு. நாளைக்குச் சாமான் ஏத்த வருவினம்."

"அப்ப அம்மாவின்ரை அறை?"

"அதுவும் சேர்த்துத்தான்."

வேலிக்கு அப்பால் நின்ற மார்க்கண்டுவின் காதில் இது விழுந்தது. குனிந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷரோன் பிழிந்த தலைமயிரை முடிந்தாள். "பதின்மூண்டு வருசம் கழிச்சு ரெண்டாந்தரமும் அனுப்பிறியள்" என்றாள். அவ்வளவுதான். கிணற்றுத் துலாக்கயிறு ஆடிக்கொண்டிருந்தது, நிலத்தில் ஈரமான இரண்டு பாதத் தடங்கள் இருந்தன.

மெல்பேர்ணில் அவள் எழுந்திருந்து அழுதாள். இருபது நிமிடம் அழுகை நிற்கவில்லை. கலவரத்தில் கமெராவை நிறுத்த மறந்திருந்தார்கள்; அந்த அழுகையையே படத்தின் முடிவாக வைத்தார்கள். அதற்காக விருது கொடுத்தார்கள். இப்படியொரு அழுகையை எங்கிருந்து எடுத்தாய் என்று பேட்டியில் கேட்டபோது, வீட்டிலிருந்து என்று சொன்னாள். பதினொரு மாதம் தகப்பனோடு கதைக்கவில்லை. இனிமேல் சாகமாட்டேன் என்று ஒப்பந்தங்களில் எழுதி வாங்கினாள். வழக்கறிஞராக, தாதியாக, பொலிஸ் அதிகாரியாக நடித்தாள். எல்லாரும் கடைசிவரை உயிரோடு இருந்தார்கள். குணலட்சுமியின் கைத்தொலைபேசியில் ஏர்னெஸ்ட் அவற்றைப் பார்த்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும், முடியும்வரை இருந்து பார்த்து, அவள் நடந்துபோவதைக் கண்டபிறகே தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். உலையில் ஒரு ஆளுக்கான அரிசியே போட்டார்.

இந்த வருடம் சித்திரையில் ஷரோன் சென்னை வழியாகப் பலாலிக்கு விமானத்தில் வந்திறங்கினாள். குணலட்சுமி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துச் சூடு பார்த்தாள். கால் பதிகிறதா என்று நிலத்தையும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது, தமிழ்தான் இல்லை. வழியில் எங்கோ தொலைத்துவிட்டவள்போல் ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். குசினியில் நின்று, "வீடு... வித்தது எண்டு சொன்னீங்க" என்றாள். "பொய் பிள்ளை" என்றார் ஏர்னெஸ்ட். "தெரியும்" என்றாள். "அங்கை எழும்பின உடனை தெரியும். கோவம் போக நாள் எடுத்தது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெசின் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தாயின் அறையில் படுத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. வினிபிரட். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அத்தான், ஷரோன் இஞ்சை வந்திருக்கிறாள். குசினிக்குள்ளை நிக்கிறாள். வெறுங்கால். காலிலை சிவப்பு மண்."

ஏர்னெஸ்ட் அறைக்குள் போய்ப் பார்த்தார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு இல்லை. கை கிணற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. எந்த நாடகமும் இல்லை, கமெராவும் இல்லை. பதினைந்து வருடம் வாழ்ந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடினார்.

"என்ன செய்ய அத்தான்? கேக் ஒரு துண்டு வெட்டினனான், குடுக்கட்டே?"

"சாப்பிடக் குடாதை, வினி" என்றார் ஏர்னெஸ்ட். "தேத்தண்ணி மட்டும் குடு. கொஞ்சநேரம் கதைச்சுப்போட்டு விடு."

கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப்போட்டு இருந்தார். ஈ வந்தால் விசிறினார். வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த மார்க்கண்டுவிடம், பிள்ளை சித்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொன்னார். அப்படியா என்றுவிட்டு மார்க்கண்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போனார். நாலே காலுக்கு ஷரோன் கண்ணைத் திறந்து, கூரை முகட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, பசிக்குது" என்றாள். ஏர்னெஸ்ட் எழுந்துபோய்ச் சோறு போட்டார்.